போகியில் போட்ட ஃபைல்

வளைகாப்புக்கு வந்த கூட்டம் திருவிடந்தை வீட்டில் புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்க, வளையல் போட்டுக்கொண்டவள் ஈசிஆர் ரோட்டோரக் கிளினிக்கில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். ஜெயப்பிரியாவுக்கு இருபத்தைந்து வயது, ஏழாம் மாதம். மூன்றாவது ஆள் கன்னத்தில் சந்தனம் பூசும்போதே சரிந்துவிட்டாள்.

அவள் அம்மா, பெயர் வேண்டா, கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டரிடம் பேசியதெல்லாம் மாமியார் துர்காதேவிதான். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் மருமகள் மேல் உயிரையே வைத்திருந்தாள், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

“ஒரு வாரமா உக்காந்துகினேதான் தூங்கறா டாக்டரம்மா. கால பாரு, எப்டி வீங்கிக் கீது. ஒரு குளுக்கோஸ் பாட்டிலு ஏத்திவுடுங்க, தெம்பா எந்திரிச்சிடுவா.”

டாக்டர் ரோகிணி சின்ன வயதுக்காரி. பிரஷர் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். “ரொம்பக் குறைவா இருக்கு. முன்னாடி பெரிய வியாதி ஏதாவது வந்திருக்கா?”

“சின்ன வயசுல மஞ்சக்காமால வந்துச்சாம். இல்ல சம்மந்தி?”

வேண்டாவின் தலை தானாக ஆடியது. பல வருடமாக ஆடிப் பழகிய தலை. மஞ்சள் காமாலை என்றதும் டாக்டரின் சந்தேகம் கல்லீரல் பக்கம் போனது. ரத்தம் எடுக்கச் சொன்னாள்; அது வருகிற வரைக்கும் ஒரு பாட்டில் போடலாம் என்றாள்.

வந்தது மஞ்சள் காமாலை இல்லை, ரத்தப் புற்றுநோய். மூன்று வயதில் வந்து, சென்னை ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் வைத்தியம். சிவப்பாக ஒரு மருந்து ஏற்றுவார்கள்; பிள்ளைக்கு மூத்திரம்கூடச் சிவப்பாகப் போகும். எமன் வாயிலிருந்து பிடுங்கி வந்ததுபோல்தான் வேண்டா வீட்டுக்குக் கூட்டிவந்தாள். கடைசி நாளில் பெரிய டாக்டர் ஃபைலைக் கையில் கொடுத்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னார். இந்தச் சிவப்பு மருந்து பல வருடம் கழித்துக்கூட இதயத்தைப் பலவீனமாக்கலாம். அப்படி ஆன இதயம் பாட்டில் தண்ணீரைக்கூடத் தாங்காது. இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கர்ப்பமானால் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

வேண்டா சில வருடம் ஒழுங்காகத்தான் போனாள். பெண் வயதுக்கு வந்ததும் வேறு பயம் பிடித்துக்கொண்டது. கேன்சர் வந்த பெண்ணை எவன் கட்டுவான்? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். வேண்டா சொன்னது ஒரே பொய்தான். அதைப் பெற்ற பெண்ணிடமும் சேர்த்துச் சொன்னாள். மொட்டைத் தலைப் போட்டோவுக்குத் திருப்போரூர் முருகன் பேரைச் சொன்னாள். கல்யாணம் நிச்சயமான வருடம் போகியன்று, கிழிந்த பாயோடு பாயாக ஃபைலையும் நெருப்பில் போட்டாள். பழையது கழிந்தது என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள், பாவி.

இப்போது கிளினிக்கில் நர்ஸ் பாட்டிலை மாட்டினாள். கால் பாட்டில் இறங்குவதற்குள் ஜெயப்பிரியா இருமத் தொடங்கினாள். “படுக்க முடில எம்மா, தூக்கிவுடு” என்று கையை நீட்டினாள். உதடு நாவல்பழம் தின்றவள் உதடுபோல் கறுத்துக்கொண்டு வந்தது. வெளியே மருமகன் சரவணகுமார் கதவுக்கும் கேட்டுக்கும் நடந்துகொண்டிருந்தான். வாயைத் திறந்தால் மகளின் வாழ்க்கை போகும். திறக்காவிட்டால் மகளே போய்விடுவாள்.

“இன்னாம்மா சொட்டு சொட்டா வுடற? நல்லா தொறந்துவுடு” என்று நர்சை அதட்டினாள் துர்காதேவி.

நர்சின் கை போவதற்குள் வேண்டா பாய்ந்தாள். குழாயில் இருக்கிற சின்னச் சக்கரத்தைக் கட்டைவிரலால் உருட்டி மூடினாள். இரண்டு வருடம் பார்த்துப் பழகிய வேலை, விரல் மறக்கவில்லை.

“அது மஞ்சக்காமால இல்லம்மா. பிளட் கேன்சரு. செவப்பு மருந்து ஏத்துனாங்க. இதயம் கெட்டுப்போலாம்னு அப்பவே சொன்னாங்க. நாந்தான் மறச்சிட்டேன்!”

ரோகிணிக்குத் திட்ட நேரமில்லை. ஜெயப்பிரியாவை நிமிர்த்தி உட்காரவைத்து, நெஞ்சிலும் முதுகிலும் கேட்டுவிட்டு, ஆக்சிஜன் மாட்டி, நுரையீரலில் கட்டிய நீர் வெளியேற ஊசி போட்டாள். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு போன் போட்டுக்கொண்டே கேட்டாள்: “அந்தச் சிவப்பு மருந்து எவ்ளோ போச்சுன்னு அவங்களுக்குத் தெரியணும். ஃபைல் எங்க?”

“போகியில கொளுத்திட்டேம்மா.”

“பழைய ஆஸ்பத்திரில குடுத்த பதிவு நம்பராவது?”

“நாப்பத்தேழாயிரத்து அறுநூத்திப் பன்னண்டு, ரெண்டாயிரத்தி மூணு.” மூச்சு விடாமல் சொன்னாள். இரண்டு வருடம் ஆஸ்பத்திரியின் ஒவ்வொரு கவுண்டர் ஜன்னலிலும் சொன்ன நம்பர். காகிதத்தைக் கொளுத்தினாளே தவிர, இதை அவளால் கொளுத்த முடியவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. ஏறுவதா வேண்டாமா என்று தெரியாமல் வேண்டா கதவருகே கூனிக்குறுகி நின்றாள். மருமகளோடு முன்னாலேயே ஏறிவிட்ட துர்காதேவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

“இன்னா நின்னுகினு கீற? ஏறு. அங்க கேட்டா எனக்கு இன்னா தெரியும்? நீதான சொல்லணும். ஒன்ன அப்பால வச்சிக்கறேன்.”

வண்டி கிளம்பியது. ஊசி வேலை செய்ததோ என்னவோ, இருமல் சற்று அடங்கியிருந்தது. ஜெயப்பிரியா மாஸ்க்கை இழுத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். கை நிறைய வளையல் குலுங்கியது.

“திருப்போரூர் மொட்டன்னு சொன்னியே எம்மா?”

“இல்லடி. மருந்துல கொட்டுன முடி.”

வேண்டா அழுதுகொண்டே, முதல் காய்ச்சல் அடித்த நாளிலிருந்து சொல்லத் தொடங்கினாள். துர்காதேவி மருமகளின் முகத்தில் மாஸ்க்கை மறுபடி மாட்டிவிட்டாள்.

“நீ பேசாத. கேட்டுகினு மட்டும் வா” என்றாள்.