ரூத்தின் முகவரிக்கு வந்தவை

1

இந்தக் கதை எனக்கு ஒரு கத்தலிலிருந்து கிடைத்தது. சதுரங்கப்பட்டினம் பேருந்து நிறுத்தத்தில் செங்கல்பட்டு பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண் தன் தம்பியைப் பார்த்துக் கத்தினாள்: "என் மெயில் ஐடிய எத்தினி பேருக்குடா குடுத்துகீற?" அவர்களுடைய சண்டையும், பிறகு அவள் போனில் பேசியதும்தான் என் காதில் விழுந்தவை. மிச்சம் நான் கட்டியது. பெயர்களும் நான் வைத்தவை.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

அன்று கடல் அமைதியாக

கடலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அடுத்தது:

ரூத் மெயிலைத் திறந்தபோது உலகமே அவளை வாழ்த்திக்கொண்டிருந்தது

கெட்டிக்காரத்தனம் அதிகம். ஆனால் பொய் இல்லை. குலுக்கலில் மனை விழுந்ததற்கு வாழ்த்து, லோன் கிடைத்ததற்கு வாழ்த்து, எதற்கென்றே தெரியாத வாழ்த்து. இருக்கட்டும்.

2

ரூத் நர்ஸ். செங்கல்பட்டில் சின்ன கிளினிக்கில் வேலை. சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையின் நேர்காணலுக்குப் போய் வந்திருக்கிறாள். தேர்வானால் மெயில் வரும், வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் சம்மதம் சொல்லவேண்டும், தவறினால் இடம் அடுத்தவருக்கு. இன்று வெள்ளிக்கிழமை. மணி நாலரை. மெயில் எங்கோ குப்பைக்குள் கிடக்கிறது.

குப்பை சேர்ந்த விதம் இது. தம்பி ஜான்சன் திருப்போரூரில் மனை விற்பவர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவையே வேனில் ஏற்றிக்கொண்டு போவான். மனையைச் சுற்றிக் காட்டி, பிரியாணி போட்டு, பரிசுக் கூப்பன் எழுதவைப்பார்கள். கூப்பனில் மெயில் ஐடிக்கு ஒரு கட்டம். தெருவில் மெயில் ஐடி மனப்பாடமாக இருந்தது ரூத்துக்கு மட்டும். எல்லாரும் அவளுடையதையே எழுதினார்கள். தெருவுக்கு ஒரு குழாய் இருப்பதுபோல் தெருவுக்கு ஒரு மெயில். இதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

(குறிப்பு: கூப்பனில் 'தொழில்' என்றும் ஒரு கட்டம் உண்டு. ஜான்சன் அக்கா பெயரிலும் ஒன்று எழுதி, 'நர்ஸ்' என்று போட்டான். அந்தச் சொல்லும் கைமாறிக் கைமாறி விலைக்குப் போனது.)

3

"நான் எங்கக்கா குடுத்தேன்? அவுங்களே எழுதிகினாங்க."

"நீ சொன்னியா இல்லியா?"

"சொன்னேன். இன்னா இப்போ? ஞானம்மா அத்தைக்கு குக்கர் விழுந்துச்சில்ல?"

"அவுங்களுக்கு குக்கரு. எனுக்கு இன்னாடா? வேல பூடும்டா!"

பஸ்ஸுக்கு நின்றிருந்த ஞானம்மாள் தன் பெயர் அடிபட்டதும் கிட்டே வந்தார். "பாப்பா, அப்டியே என் ஸ்கேன் ரிப்போட்டு வந்துகீதா பாரு. ஒன் மெயிலுதான் குடுத்துகீறேன்."

"கொஞ்சம் இரு அத்த."

ரூத் சும்மா இருந்தவள் இல்லை. போன வாரம் உட்கார்ந்து, ஒவ்வொரு குப்பை மெயிலின் அடியிலும் 'இனி அனுப்ப வேண்டாம்' என்ற இணைப்பை அழுத்தினாள். குப்பை இரண்டு மடங்கானது. தெரிந்த கடை என்றால் அதை அழுத்தலாம். முகம் தெரியாதவன் அனுப்பியதில் அழுத்தினால், இங்கே ஆள் இருக்கிறது என்று நாமே கதவைத் திறந்து சொன்னதாகிவிடும். ஸ்பேம் என்று குறித்துவிட்டு நகர்ந்திருக்கவேண்டும்.

4

தேடியதில் இரண்டு அகப்பட்டன. இரண்டும் அதே மருத்துவமனையின் பெயரில்.

ஒன்று இன்பாக்ஸில். லோகோ, கையெழுத்து, 'ஏற்கிறேன்' என்று பச்சைப் பட்டன். மற்றது ஸ்பேமில். அழகில்லாத நாலு வரி. அவள் பெயரிலேயே எழுத்துப் பிழை. பதில் அனுப்பினால் போதும் என்றது.

(தற்செயல் என்று குறை சொல்வீர்கள். பெரிய மருத்துவமனையின் பெயரில் நர்ஸுகளுக்கெல்லாம் வலை வீசுகிறவனுக்கு, ஒருத்தி நிஜமாகவே காத்திருந்தால் போதும்.)

"இதாங்க்கா. லோகோலாம் கீது பாரு. அமுக்கு."

"அமுக்குனா ஆதாரு, பேங்க் நம்பர்லாம் கேக்குதுடா."

"அப்ப ரெண்டுத்துக்கும் ஓகே சொல்லிடு."

"ஒன்னு திருடன்னா?"

"திருடனுக்கு நம்மகிட்ட இன்னாக்கா கீது?"

"தெருவோட ரிப்போட்டு, அம்மா பேங்கு, அல்லாம் இந்த மெயில்லதான் கீது, பேமானி!"

இந்த இடத்தில் ரூத் உட்கார்ந்து அழுதாள்

இல்லை. அந்தப் பெண் அழவில்லை. அழவைக்க ஆசைப்பட்டது நான். அவள் பையிலிருந்து நேர்காணல் சீட்டை எடுத்து, அதில் அச்சிட்டிருந்த எண்ணுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுத்தார்கள்.

'நீங்கள் மெயில் அனுப்பினீர்களா' என்று அவள் கேட்கவில்லை. ஊசி போடுமுன் நர்ஸுகள் 'நீங்கதானே இன்னார்' என்று கேட்பதில்லை. யாராக இருந்தாலும் அரைத் தூக்கத்தில் ஆமாம் என்பார்கள். 'உங்க பேர் என்ன' என்றுதான் கேட்பார்கள். அவளும் அப்படியே கேட்டாள்: "எனக்கு என்ன அனுப்பினீங்க மேடம்? நீங்களே சொல்லுங்க."

"ஆஃபர் லெட்டர். பதில் போட்டா போதும். நாலு வரிதான்." (எதிர்முனைக் குரல் எனக்குக் கேட்கவில்லை. இது நான் எழுதியது.)

ஸ்பேமில் கிடந்ததுதான் நிஜம். பதில் போட்டால் தீர்ந்தது. ஆனால் அவள் போடவில்லை.

"மேடம், இந்த ஐடி பொதுவா பூடுச்சி. வேற ஒன்னு கீது. அதுக்கு அனுப்புவீங்களா?"

நர்சிங் படிக்கும்போது தொடங்கி, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த முகவரி. பேசுவது தான்தான் என்று காட்ட, சீட்டிலிருந்த பதிவு எண்ணையும் பிறந்த தேதியையும் சொன்னாள். ஜான்சனின் முகம் மாறியது.

"இன்னாக்கா, உனுக்கு வேற ஐடி கீதா?"

அவள் விலகி நடந்து, என் பக்கமாக வந்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

5

முடிவுகள்:

அ) ஐந்துக்குள் மெயில் வந்தது, பதில் போனது, வேலை கிடைத்தது.

ஆ) சொன்ன எழுத்துகளில் ஒன்றை மேடம் தவறாக எழுதிக்கொண்டார்.

இ) வேலை கிடைத்தது. தெரு அவளோடு பேசுவதை

மூன்றையும் எழுதிப் பார்த்தேன். எதையும் வைத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு வந்தது என்ன என்று அவள் பெட்டியைத் திறந்தால் தெரியும். திறக்கும் உரிமை எனக்கில்லை. உங்களுக்கு இருப்பதாக நினைத்தால், முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்த கடைசி இதுதான். பஸ் வந்தது. அவள் முன்வாசலில் ஏறினாள். ஜான்சன் என்னிடம் வந்தான்.

"அண்ணாத்த, நீ கிட்டதான நின்ன? அக்கா இன்னா ஐடி சொல்லிச்சி?"

எனக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்டிருந்தது.

"பஸ் சத்தம் தம்பி," என்றேன். "ஒண்ணும் கேக்கல."