சந்தனப் பொட்டு வைத்த பலூன்

வங்கக் கடலில் உருவான புயல் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்குப் புதிதாக வந்த வானிலை பலூன் மட்டும் பிரதம விருந்தினருக்காகக் காத்திருந்தது.

வானிலை நிலைய வேலியோரம் குருநகர் மீனவர் சங்கத் தலைவர் யாகோப்பு நின்றார். அவருடைய மகன் ஜெரிசன் ஐஸ் ஏற்றிய வள்ளத்தோடு கரையில் நின்றான்.

"தங்கச்சி, பொடியளைக் கடல் தொழிலுக்கு விடலாமோ?"

"பலூன் மேலை போய்ச் சொல்லட்டும், அண்ணை," என்றாள் வானிலை ஆய்வாளர் சாருஜா.

விருந்தினர் வந்தார். பொன்னாடை வந்தது. வரவேற்புக் குழுத் தலைவர் பொன்னம்பலம், புது மோட்டார் சைக்கிளுக்குச் செய்வதைப் பலூனுக்கும் செய்தார். அதில் தொங்கிய கருவிக்குச் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தார். வைத்த இடம் ஈரப்பதம் அளக்கும் முனை. நல்ல மாலை வெயிலில், கணினித் திரையில் ஈரப்பதம் நூறுக்கு ஏறியது.

"பாத்தியளோ! மழை வரப்போகுதெண்டு இப்பவே சொல்லுது!" என்றார் விருந்தினர், மைக்கில். கைதட்டல்.

"அது மழையில்லை ஐயா, சந்தனம்."

இருந்த ஒரேயொரு மாற்றுக் கருவியை எடுத்துக் கட்டினாள் சாருஜா.

"பேச்சு முடியட்டும், பிள்ளை," என்றார் பொன்னம்பலம்.

"ஏலாது ஐயா. உலகம் முழுக்க இதே நேரத்திலைதான் விடுறவை. லண்டனிலை இப்ப மத்தியானம், ரொறன்ரோவிலை விடியக்காலமை. எல்லாம் சேர்ந்தால்தான் கணக்கு."

கையை விட்டாள்.

பலூன் பனைகளைத் தாண்டியது. விருந்தினரின் வாய் திறந்தபடியே நின்றது, முதல்முறையாகச் சத்தமில்லாமல். எல்லோரும் அண்ணாந்தார்கள். வெள்ளைப் புள்ளியாகி, அதுவும் மறைந்த பிறகும் யாரும் தலையைத் தாழ்த்தவில்லை. மறைந்த பலூனிலிருந்து வெப்பநிலை எண்கள் மட்டும் திரைக்கு வந்துகொண்டிருந்தன: பூச்சியம், கழித்தல் இருபது, கழித்தல் ஐம்பது. பக்கத்துச் சாவகச்சேரிக்குப் போகிற பதினாறு கிலோமீற்றர் தூரம்தான். அதையே நேரே மேலே போனால் கழித்தல் எண்பது பாகை. அப்படியொரு குளிரின் அடியிலா இத்தனை காலம் விசிறியால் விசுக்கிக்கொண்டிருந்தோம்?

பலூன் வெடித்ததும் எண்கள் நின்றன. மற்ற நாடுகளின் கணக்கும் வந்து சேர, சாருஜா வேலிக்குப் போனாள்.

"மேல்காத்து புயலைக் குழப்பிற மாதிரி இல்லை, அண்ணை. புயல் பெலக்கும். எங்கடை பக்கம்தான் திரும்பும் போலை."

"நிச்சயமோ?"

"இல்லை. பத்துக்கு ஏழு."

யாகோப்பு மேடையைப் பார்த்தார். பிறகு வெறும் வானத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு, கைத்தொலைபேசியை எடுத்தார்.

"ஜெரிசன், ஐஸ் கரைஞ்சால் கரையட்டும். வள்ளங்களை மேலை இழுங்கோடா."