ரோவெனாவுக்கு எடுத்து வைத்தது

அஞ்சலட்டை ரோவெனா பெயருக்கு வந்திருந்தது. ‘கிடைத்துவிட்டது. மே மாதச் சந்தைக்கு வா. ஹேட்லி.’

என் மனைவி ரோவெனா பிப்ரவரியில் இறந்துவிட்டாள். அவளுக்குக் காசு தேடித் தரும் வியாபாரி ஹேட்லியிடம் தொலைபேசி கிடையாது. பதில் எழுத மூன்று முறை உட்கார்ந்து, முடியாமல், நேரில் சொல்லிவிடலாம் என்று பர்மிங்ஹாமுக்கு ரயில் ஏறினேன். கவன்ட்ரி தாண்டும்வரை அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். சிறிய வாக்கியம்தான்.

அவள் சேர்த்தது கடைக்காசுகள். அரசாங்கம் சில்லறை அடிக்காமல் விட்ட காலத்தில் வியாபாரிகள் தாங்களே அடித்துக்கொண்ட செப்பு வில்லைகள். அதிலும் அமெரிக்காவைத் தொட்டவை மட்டும். 1794இல் நியூயார்க் கடை ஒன்றுக்காக இங்கே இங்கிலாந்தில் அடித்த காசு அவளிடம் இருந்தது. அதில் கப்பல் படத்துக்கு மேல் ஊர்ப்பெயர் இருக்கும். ஊர்ப்பெயர் இல்லாமலும் கொஞ்சம் அடித்திருக்கிறார்கள். அதைத்தான் ஆறு வருடம் தேடினாள். காசு கைக்கு வருமுன் அதற்குச் சீட்டு எழுதுவது காசு சேர்ப்பவர்களிடம் வழக்கமில்லை. அவள் எழுதினாள், ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள். வட்டமாக வெட்டிய தாளில் காசின் விவரம், கீழே ‘ஹேட்லியிடமிருந்து’, பிறகு தேதிக்கு இடம். வீட்டில் காசுப் பெட்டியின் மூன்றாவது தட்டில் ஒரு குழியில் அந்தச் சீட்டு மட்டும் கிடக்கிறது.

சந்தை நடந்த சர்ச் கூடத்தில் ஈரக் கோட்டுகளின் வாடை. ஹேட்லி கடைசி மேஜையில் பன்றியிறைச்சி ரொட்டி தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எனக்குப் பின்னால் பார்த்தார்.

“அவ எங்க? போன தடவ நான் கேலி பண்ணதுக்கு இன்னும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காளா?”

“வர முடியல” என்றேன்.

“அதுக்காக ஒன்னையா அனுப்புவா? பூவுக்கும் தலைக்கும் வித்தியாசம் தெரியாத ஆளு.”

பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும். ஹேட்லி கையைத் துடைத்துக்கொண்டு, பெட்டியில் நெருக்கமாக நின்ற பழுப்பு உறைகளில் ஒன்றை உருவினார். அதன்மேல் அவள் பெயர். லீட்ஸ்காரர் ஒருவர் காலையிலிருந்து மூன்று முறை வந்து கேட்டதாகவும், பேர் எழுதின உறை என்று சொல்லித் துரத்திவிட்டதாகவும் சொன்னார்.

நான் கையை நீட்டினேன். அவர் காசைத் துணியின் மேல் வைத்தார்.

“கையில குடுத்து கையில வாங்குறது கெடையாது தம்பி. கீழ விழுந்தா யார் பொறுப்பு? அவ சொல்லித் தரலையா?”

சொல்லித் தந்திருக்கிறாள். நான் மோதிரம் வாங்கிக்கொண்டு போனபோதுகூட, மேஜைமேல் வை, நான் எடுத்துக்கொள்கிறேன் என்றாள். ஆஸ்பத்திரியில் அந்த மோதிரத்தை நர்ஸ் என் உள்ளங்கையில் போட்டாள்.

காசை விளிம்பில் பிடித்து எடுத்தேன். கப்பலுக்கு மேல் வெறும் செம்பு. அவள் செய்வதுபோல் மெல்லச் சுழற்றினேன். இந்தக் கடையில் செல்லும் என்று விளிம்பில் எழுதியிருக்கும். எந்தக் கடை என்பது கப்பல் பக்கத்தில் இருக்கும். இரண்டு தடவை சுழற்றினேன். அந்த வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் அவர் எழுந்து நிற்பார். பிறகு, இன்றைக்கோ நாளைக்கோ, அந்த உறைமேல் இருக்கும் பெயரை அடிப்பார்.

காசைத் துணிமேல் வைத்தேன்.

“அவளே வந்து எடுத்துக்கட்டும்” என்றேன்.

ஹேட்லி என் கோட்டுப் பொத்தான்களைப் பார்த்தார். ஒன்று மாறிப் போட்டிருந்தது. பிறகு முகத்தைப் பார்த்தார்.

“அடுத்த சந்தை அக்டோபர்லதான்” என்றார் மெதுவாக.

“சரி.”

காசை உறையில் போட்டார். உறையின் மூலையில் பென்சிலால் எழுதியிருந்த ‘மே’யை அடித்துவிட்டு ‘அக்டோபர்’ என்று எழுதினார். லீட்ஸ்காரர் நான்காவது முறையாக வந்து நின்றார். ஹேட்லி அவரை நிமிர்ந்து பார்க்காமலே, மற்ற உறைகளை இரண்டு விரலால் விலக்கி, அவள் பெயர் வெளியே தெரிகிறாற்போல் நிறுத்தினார்.