பதினோராவது கரண்டி

நீலத் தட்டு காலியாக இருந்தது. ஹைதரா அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஒரு பொடி இல்லை. ஏதோ அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதுபோலக் கவிழ்த்தும் பார்த்தார். மனுஷனுக்குப் பயம் பிடித்தால் புத்தி அப்படித்தான் வேலை செய்யும்.

பத்துத் தோட்டாவுக்குப் பதினோரு கரண்டி வெடிமருந்தை அளந்து தட்டில் கொட்டிக்கொள்வது அவர் வழக்கம். பத்துத் தோட்டாக் கூட்டையும் நிரப்பிக் குண்டு வைத்து அடைத்தபின் தட்டில் ஒரு கரண்டி மிஞ்ச வேண்டும். மிஞ்சினால் எல்லாம் சரி. இன்று மிஞ்சவில்லை என்றால், ஏதோ ஒரு கூட்டுக்குள் இரண்டு கரண்டி போயிருக்கிறது. அந்தப் பத்தையும் மச்சினன் முஸன்னா பையில் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் ஆகிறது.

துப்பாக்கி பிரெஞ்சுக்காரன் காலத்தது. பாட்டனார் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒட்டகச் சுமையில் கொண்டுவந்தது. அதற்கான தோட்டாவை இப்போது உலகத்தில் எவனும் செய்வதில்லை. சுட்ட கூட்டையே நிமிர்த்தி, புதுக் கேப்பு அடித்து, கலாஷ்னிகோவ் தோட்டாவைப் பிரித்தெடுத்த மருந்தைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பழைய மருந்து என்றால் இரண்டாவது கரண்டியில் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். புது மருந்து வீரியத்தில் பெரியது, அளவில் சின்னது. அந்த நீளக் கூட்டின் அடியில் ஒன்று கிடந்தாலும் இரண்டு கிடந்தாலும் மேலிருந்து பார்க்க வெறும் இருட்டுத்தான்.

நாலாவது கூட்டில் கை இருந்தபோதுதான் மருமகன் வாசலில் வந்து சலாம் சொன்னான். மகள் ஸுஹூர் தேன் கொடுத்தனுப்பியிருந்தாள். அவனோடு ஒரு கோப்பை காப்பி குடித்துவிட்டுத் திரும்பி வந்து, நாலாவதில் போட்டாயிற்றா இல்லையா என்று யோசித்தார். யோசித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. என்ன முடிவு செய்தார் என்பதுதான் ஞாபகம் இல்லை.

"தைபா, இந்தத் தட்டைத் தொட்டியா?"

"நான் ஏன் தொடப்போறேன்? போன வருஷம் ஒருக்கா துடைச்சதுக்கு ஊரைக் கூட்டினீங்களே, அது போதாதா?" என்றபடி வந்த மனைவி அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "என்னாச்சு? என் தம்பி சுடுற தோட்டாவா?"

பேசாமல் உட்கார்ந்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றியதற்கே தன்மேல் அருவருப்பு வந்தது. ஆனால் போய்த் தடுத்தால் ஊர் என்ன சொல்லும் என்பதும் தெரியும். கல்யாணம் என்றால் எதிர்மலை வெள்ளைக் கல்லைக் குறிவைத்து இரண்டு ஊரும் ஆளுக்குப் பத்து வெடி. தோற்ற ஊர் காளை அறுக்க வேண்டும், வருஷம் பூராவும் கேலிப்பாட்டு கேட்க வேண்டும். இந்த முறை எதிரே நிற்பது ஸுஹூரைக் கட்டிக்கொடுத்த ஊர். இடுக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினார்.

காப்பித் தோட்டத்துப் படிகளில் ஏறும்போது பழைய துப்பாக்கியின் குரல் கேட்டது. கொஞ்சம் தடித்துக் கேட்டது. பள்ளத்தாக்கில் எல்லா வெடியும் அப்படித்தான் கேட்கும் என்று சொல்லிக்கொண்டு ஏறினார். மேலே போனபோது முஸன்னா முழுசாக நின்றுகொண்டிருந்தான். ஹைதராவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆறு வெடி முடிந்து ஆறும் கல்லில் பட்டிருந்தது. எதிரணிக்கு ஆறில் ஐந்துதான். கல்யாணத்துக்குக் கண்ணில் இட்ட சுர்மா மை வெயிலில் கரைந்து முஸன்னாவின் வலது கன்னத்தில் ஒரு கோடாக வழிந்திருந்தது. இப்போது எதிரணி முறை.

"சுடாதே! மிச்ச நாலையும் குடு. ஒண்ணுல ரெட்டை மருந்து இருக்கு. கண்ணு போயிரும்டா!"

முஸன்னா சிரித்தான். "மச்சான், ஜெயிக்கிற நேரத்துலயா உங்களுக்கு ஞாபகம் வருது?"

"காலையில மருமகன் இவர் வீட்ல இருந்தான், நான் பார்த்தேன்," என்றான் பின்னாலிருந்து ஒருத்தன். "தேனு ரொம்ப இனிப்போ?"

கூட்டம் சிரித்தது. இரண்டு ஊருக்கும் பொதுவான நடுவர் ஷாயிஃப் மட்டும் சிரிக்கவில்லை. "ஹைதரா, தோட்டாவைப் பிரிச்சா இவனுக்குச் சுட வேற கிடையாது. உங்க ஊர் தோத்த மாதிரிதான். தெரிஞ்சுதான் சொல்றியா?"

ஹைதரா இடுப்பிலிருந்த வளைந்த கத்தியை உறையோடு கழற்றி அவர் காலடியில் வைத்தார். கத்தியில்லாமல் அந்த மலையில் ஆண்பிள்ளை வீதியில் நடப்பதில்லை. "நான் சொன்னது பொய்னா எடுத்துக்கோங்க."

முஸன்னா பையை வீசினான். வெள்ளைத் தலைத்துணியை விரித்து, இடுக்கியால் ஒவ்வொரு குண்டாகப் பிடுங்கிக் கொட்டினார்கள். முதலாவது ஒரு கரண்டி. இரண்டாவது ஒரு கரண்டி. மூன்றாவதன் குண்டு வர மறுத்து அடம்பிடித்தபோது, இதுவாகவே இருக்கட்டும் என்று ஹைதரா வேண்டிக்கொண்டார். அதுவும் ஒன்றுதான். நாலாவதும்.

துணியில் நாலு குட்டிக் குவியல், அச்சில் வார்த்ததுபோல. எதிரணியில் எவனோ அங்கேயே பாட்டுக் கட்டத் தொடங்கிவிட்டான். சொந்த ஊர்க்காரர்கள் ஹைதராவின் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்து நின்றார்கள். தட்டில் மிஞ்சியதைக் காற்று அள்ளியிருக்குமோ, தான் அளந்ததே பத்துத்தானோ என்றெல்லாம் அவருக்கு ஓடியது. ஷாயிஃப் பெருமூச்சு விட்டுக் குனிந்து கத்தியை எடுத்தார்.

"துப்பாக்கியத் திறந்து காட்டிட்டுப் போ, முஸன்னா," என்றார். களத்தை விட்டு இறங்குகிறவன் துப்பாக்கி காலி என்று காட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

"இனி இந்த மனுஷன் தொட்ட தோட்டாவை நான் தொட மாட்டேன்," என்று சொல்லிக்கொண்டே முஸன்னா துப்பாக்கியின் தாழை இழுத்தான். வரவில்லை. உள்ளங்கையால் அடித்தான். வரவில்லை. முழங்காலில் ஊன்றி மறுபடி அடித்தபோது தாழின் ஓரத்திலிருந்து கரி உதிர்ந்தது.

அவன் கை தானாக வலது கன்னத்துக்குப் போனது. சுர்மா என்றால் வழவழக்கும். இது விரலில் கரியாய் நெறநெறத்தது. இடது கண்ணையும் தொட்டுப் பார்த்தான். அங்கே மை கலையாமல் இருந்தது.

எல்லாரும் பாட்டுக்காரன் பக்கம் திரும்பியிருந்தார்கள். ஷாயிஃப் கத்தியைத் தன் கச்சையில் செருக இடம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாவது வெடியில் இறுகிப்போன துப்பாக்கியை மார்போடு அணைத்தபடி முஸன்னா தன் கறுத்த விரலைப் பார்த்தான். பிறகு ஹைதராவைப் பார்த்தான்.