பூட்டி வைத்த கதவும் ஒரு ரூபாயும்

எதிர்ப்பக்கத்தில் புதிதாக முளைத்த தனியார் பெட்ரோல் பங்க், லிட்டருக்கு ஒரு ரூபாய் குறைத்ததும் கோமளாவின் பங்க்கில் ஈ ஓட்டும் நிலை வந்தது. ஒரு ரூபாய் மிச்சமென்றால் டெல்லி ஜனக்புரிக்காரர்கள் சிக்னல் வரை போய் யூ-டர்ன் அடித்துக்கூட வருவார்கள். பதிலுக்குக் குறைக்கலாமென்றால், இவள் பங்க்கில் விலையை முடிவு செய்வது அரசு எண்ணெய்க் கம்பெனி. அவளால் குறைக்க முடிந்தது தன் தூக்கத்தைத்தான்.

"மானத்தோட டீலர்ஷிப்பைத் திருப்பிக் குடுத்துடலாம் அண்ணி," என்றான் கணவனின் தம்பி சிவகுமார். கம்பெனி ஆபீஸில் மாதக் கடைசிக்கு நேரமும் வாங்கிவிட்டான். கணவன் இறந்தபின் ஒற்றை ஆளாகக் கட்டிக் காத்த பங்க். கோமளா தலையாட்டிவிட்டு, உள்ளே போய் அழுதாள்.

மறுநாள், வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் ஆஸ்பத்திரி நர்ஸ் ஜூலியா ஸ்கூட்டியை நிறுத்தினாள். "ஆன்ட்டி, பாத்ரூம் சாவி குடுங்க. ஜல்தி."

பெண்கள் கழிப்பறையைக் கோமளா பூட்டியே வைத்திருந்தாள். சோதனைக்குக் கம்பெனி அதிகாரி வரும்போது பளபளவென்று இருக்க வேண்டுமே. யாருமே போகாத கழிப்பறைக்கு முழு மார்க் வாங்கிய மகராசி அவள். கேட்பவர்களிடம் தண்ணீர் வரவில்லை என்று சொல்லி அனுப்புவதுதான் வழக்கம். போகப்போகிற பங்க்குக்கு இனி மார்க் எதற்கென்று சாவியை நீட்டினாள்.

திரும்பி வந்த ஜூலியா கேட்டாள். "இவ்ளோ சுத்தமா வெச்சு, எதுக்குப் பூட்டறீங்க? எதிர்ல லேடீஸுக்குன்னு ஒண்ணு கட்டவேயில்ல. வழியில இடமில்லன்னு டியூட்டில நாங்க தண்ணியே குடிக்கறதில்ல, தெரியுமா?"

கோமளாவுக்குச் சுருக்கென்றது. தானும் ஒரு பெண், இது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. அன்றே பூட்டைக் கழற்றி எறிந்தாள். நாள் முழுக்கக் கழுவித் துடைக்க ஆளும் வைத்தாள். ஜூலியா நர்ஸுகளின் வாட்ஸ்அப் குழுவில் செய்தியைப் போட்டாள்.

மாதக் கடைசியில் சிவகுமார் காரோடு வந்தபோது பங்க்குக்குள் நுழைய முடியவில்லை. நர்ஸுகள், டீச்சர்கள், டெலிவரிப் பை மாட்டிய பெண்கள், அவர்கள் இழுத்து வந்த கணவன்மார்கள். எதிர் பங்க் இன்னொரு ரூபாய் குறைத்திருந்தது. கோமளாவோ குழாயைப் பிடித்து ஒரு ஸ்கூட்டிக்கு பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தாள்.

"கிளம்புங்க அண்ணி, ஆபீஸ்ல காத்திருப்பாங்க."

"இன்னிக்கு முடியாது சிவா. ஆள் பத்தல."

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்கு ரெண்டு பொண்ணுங்களை வேலைக்குச் சேர்க்கணும். நீ வண்டியைக் கொஞ்சம் ஓரமா நிறுத்து, பின்னால ஆள் நிக்குது."