முப்பது நிமிடம் நீட்டிய கை

டக்.

மறுபடியும் விழுந்துவிட்டது. அவள் முதலில் அப்பாவின் நெஞ்சைப் பார்த்தாள். போர்வை ஏறி இறங்கியது. அதன் பிறகுதான் கட்டிலோரத்து மேசையைப் பார்த்தாள். சிவப்பு ரோபோ நேராகத்தான் நின்றது. அதன் நீட்டிய வலது கை மட்டும் பீரங்கியோடு சரிந்து மேசைப் பலகையில் முட்டிக்கொண்டிருந்தது.

"எத்தனை?" அப்பா கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"பதினொரு நிமிஷம்ப்பா."

"ஆபீஸ்ல?"

"ஒரு மணி நேரம் வச்சேன். அசையவே இல்ல."

"அப்போ... பொம்மைய ஏன் திட்டுற?"

"நான் எங்க திட்டினேன்?"

"மனசுக்குள்ள."

கடைக்கு வருமுன் பொம்மைகளைச் சோதித்து அறிக்கை எழுதுவது அவள் வேலை. அவளுக்கு முன்னால், அதே அலுவலகத்தில், முப்பது வருடம் அது அப்பாவின் வேலை. இந்தத் தொகுப்பில் மூன்று விண்வெளி ரோபோக்கள், நாற்பத்தாறு உறுப்புகள். சிவப்பின் கையை நீலத்தின் தோளில் மாட்டலாம், நீலத்தின் தலையைக் கறுப்பின் கழுத்தில் வைக்கலாம். எல்லாவற்றிலும் ஒரே அளவுக் குமிழ், ஒரே அளவுக் குழி. குமிழ் குழியைவிட மயிரிழை பெரிது. அந்த இறுக்கம்தான் பிடி. ஆணியும் இல்லை, பசையும் இல்லை. இருப்பதிலேயே கனமான ஆயுதத்தைக் கொடுத்து, கையைப் பக்கவாட்டில் நேராக நீட்டி வைத்தால் முப்பது நிமிடம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்தக் கை மட்டுமல்ல, நாற்பத்தாறும் தோற்றது. அச்சையே மாற்ற வேண்டும்.

அறிக்கை நாலு மணிக்குள் போக வேண்டும். அது அவளுக்குப் பெரிதில்லை. இன்றோ நாளையோ என்று காலையில் டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதற்குள் கை ஏன் விழுகிறது என்று கண்டுபிடித்து அப்பாவின் காதில் சொல்லிவிட வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்பது அப்பா சொல்லிக்கொடுத்தது. கைகளை மாற்றினாள். ஆறும் விழுந்தன. உடல்களை மாற்றினாள். மூன்றிலும் விழுந்தது. விரலின் எண்ணெய்ப் பிசுக்காக இருக்குமோ என்று ஸ்பிரிட்டால் துடைத்தாள். ஃபேனை நிறுத்தினாள். வெயில் படாமல் ஜன்னலைச் சாத்தினாள். கூடத்து மேசையில் வைத்துப் பார்க்கலாம்தான். அதற்கு முப்பது நிமிடம் இவரை விட்டுப் போக வேண்டும்.

தம்பி வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். "அக்கா, அவரு இப்படிக் கிடக்கிறாரு. நீ பொம்மைக்குக் கை மாட்டிட்டு இருக்க."

"அவள விடுடா," என்றார் அப்பா. மூச்சு வாங்கியது. "நீ பிரிச்ச எதையாவது... திருப்பிப் பூட்டியிருக்கியா?"

"ரேடியோ ஒண்ணு பூட்டினேனே."

"பாடுச்சா?"

தம்பி சிரிக்கப் பார்த்தான். முடியாமல் சமையலறைக்குப் போய்விட்டான்.

மேசைக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. குழாய் எட்டவில்லை என்று தம்பிதான் அதை மேசைக்காலோடு ஒட்டித் தள்ளி வைத்திருந்தான். நான்கு நாளாக உறுமி உறுமி, அது உறுமுவதே யாருக்கும் கேட்காமல் போயிருந்தது.

இரண்டு மணிக்கு அப்பா கண்ணைத் திறந்தார். வெகுநேரம் ரோபோவைப் பார்த்தார். பிறகு அதன் அருகிலிருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்தார். விரல் ஒன்று போர்வையிலிருந்து எழுந்து டம்ளரைக் காட்டியது.

"தண்ணியாப்பா?" அவள் கரண்டியில் எடுத்து வாயருகே கொண்டுபோனாள். உதடு திறக்கவில்லை. டம்ளரைத் திரும்ப மேசையில் வைத்தாள். விரல் மறுபடி காட்டியது.

"விழுங்க முடியாதும்மா," என்றார் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த நர்ஸ். "உதட்ட நனைச்சுவிடுங்க, போதும்."

பஞ்சால் நனைத்தாள். அவர் லேசாகத் தலையசைத்தார். சின்ன வயதில் அவள் கணக்கைத் தப்பாகப் போடும்போது பென்சிலை வாங்காமல் காத்திருப்பாரே, அந்தப் பார்வை.

அவள் ரோபோவின் கையை மறுபடி நீட்டி வைத்து, இரண்டு பத்து என்று குறித்துக்கொண்டாள். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு நிமிடம் ஆகியிருக்கும்.

"அம்மா," என்றார் நர்ஸ்.

அவள் திரும்பியபோது போர்வை ஏறவில்லை.

நர்ஸ் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். மூக்கிலிருந்து குழாயை எடுத்தார். குனிந்து மிஷினை நிறுத்தினார். அறை திடீரென்று பெரிதானது போலிருந்தது. தம்பி ஓடி வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழுதான். பிறகு எழுந்து முகம் கழுவி, கூடத்தில் ஒவ்வொருவருக்காகப் போன் செய்யத் தொடங்கினான். நர்ஸ் டாக்டருக்குச் சொல்ல வெளியே போனார்.

அவள் நாற்காலியிலேயே இருந்தாள். எதையோ எதிர்பார்ப்பது போல உடம்பு விறைத்திருந்தது. எதை என்று தெரிய நேரமானது. அந்த டக்.

மணி மூன்று. ரோபோவின் கை நீட்டியபடியே இருந்தது.

அவள் டம்ளரைப் பார்த்தாள். தண்ணீர் கண்ணாடி போல் கிடந்தது. எழுந்து போய் மிஷினின் பொத்தானை அழுத்தினாள். உறுமல் வந்தது. தண்ணீரின் மேல் ஊசிக்கோடு போல் வளையங்கள், விளிம்பிலிருந்து நடுவுக்கு, நிற்காமல்.

"என்ன? என்ன ஆச்சு?" தம்பி போனைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தான். கட்டிலைப் பார்த்தான். மிஷினைப் பார்த்தான். "அத ஏன்க்கா போட்ட?"

"தண்ணியப் பாரு."

பார்த்தான். இறுகப் பிடித்திருக்கும் இரண்டு பரப்புகள் நடுக்கம் வந்தால் நொடிக்குப் பல தடவை பிடியை விட்டுப் பிடிக்கும். விடும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத அளவு வழுக்கும். அதை அவள் அவனுக்குச் சொல்லவில்லை. அவன் வெகுநேரம் டம்ளரையே பார்த்தான்.

"அப்போ அவரு தண்ணி கேக்கலையா?"

அவன் குனிந்து, மிஷினை மேசைக்காலிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தான். மிஷின் ஓடிக்கொண்டேயிருந்தது. வளையங்கள் நின்றன.

இருவரும் கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். அவள் மணி பார்த்தாள். கூடத்தில் யாரோ வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. கை இறங்காமலே முப்பது நிமிடம் முடிந்ததும் மிஷினை நிறுத்திவிட்டு, அறிக்கைத் தாளை மடியில் வைத்து எழுதினாள்.

மூட்டில் குறை இல்லை. மேசையைத் தொட்டுக்கொண்டு ஓடிய இயந்திரத்தின் அதிர்வால் கை இறங்கியது. இயந்திரத்தைத் தள்ளி வைத்தால் விழுவதில்லை.