மாப்பிள்ளை கொண்டுவந்த பூச்சி பீர்

கொசு மருந்து அடித்தே என் குடும்பத்துக்குச் சோறு போட்டவன் நான். கொச்சி கார்ப்பரேஷனில் அதுதான் என் வேலை. அப்படிப்பட்ட இந்த ஆறுச்சாமியிடம் வந்து, பூச்சியை வளர்த்து, வறுத்து, பொடித்துப் பீரில் போடுகிற ஒருவனுக்குப் பெண்ணைக் கொடு என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வருமா, வராதா?

பெண் என் மகள் மஞ்சுஷா. பையன் பெயர் ஜிதின். பெங்களூரில் பீர் காய்ச்சும் இடத்தில் வேலை. இரண்டு பேரும் தாங்களாகவே முடிவு பண்ணிவிட்டு எனக்குத் தகவல் மட்டும் சொன்னார்கள். முடியவே முடியாது என்றேன். மகள் சாப்பிடாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள்.

"அப்பா, அவன் செஞ்ச பீரை ஒரு கிளாஸ் குடிச்சுப் பாருங்க. குடிச்ச பிறகும் வேண்டாம்னா, நான் அவனை மறந்துடறேன்."

சரி என்றேன். என் திட்டம் வேறு. ஒரு மடக்கு குடித்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட வேண்டியது. பயல் துண்டைக் காணோம், துணியைக் காணோம் என்று பெங்களூருக்கு ஓடிவிடுவான்.

சனிக்கிழமை மதியம் வந்தான். மட்டாஞ்சேரியில் எங்கள் வீடு மிளகாய்க் கிடங்குகளுக்குப் பின்னால், ஆட்டோ நுழையாத சந்தில் இருக்கிறது. வியர்த்து விறுவிறுக்க வந்தவன் பாட்டில்களை மேஜையில் வைத்துவிட்டு முதல் கேள்வியாக, "மாமா, செம்மீன் எல்லாம் சாப்பிடுவீங்களோ?" என்றான்.

திமிரைப் பார்த்தீர்களா! உட்காரும் முன்பே மதியச் சாப்பாட்டுக்கு இறால் கேட்கிறான் என்று நினைத்தேன். எனக்கு இறால் ஆகவே ஆகாது. தின்றால் உடம்பெல்லாம் தடித்துவிடும். அதை இவனிடம் சொல்வேனா? தமிழன் என்பதால் ஏற்கெனவே இந்தச் சந்தில் எனக்கு 'சாம்பார்' என்று பட்டப்பெயர். கொச்சியில் பிறந்தும் இறால் தின்னத் துப்பில்லாதவன் என்ற பேர் வேறு வேண்டுமா?

"டெய்லி அதுதான். என்னை யாருன்னு நெனச்சே?" என்றேன். என் மனைவி காளியம்மையும் மகளும் அடுப்படியில் இருந்தார்கள். அவர்கள் காதில் விழவில்லை.

சாயா கிளாஸில் ஊற்றினான். செம்பட்டை நிறம், மேலே நுரை.

"பூச்சி எங்கடா?"

"பொடியாக்கிப் போட்டிருக்கு மாமா. சீவீடு."

சீவீடு என்றால் சுவரிடுக்கில் இருந்து கத்துமே, சுவர்க்கோழி, அதுதான். கண்ணை மூடிக்கொண்டு ஒரு மடக்கு குடித்தேன்.

நாசமாய்ப் போக, நன்றாக இருந்தது! வறுத்த கடலையும் தீய்ந்த ரொட்டி ஓரமும் சேர்ந்தாற்போல் ஒரு ருசி, கடைசியில் லேசாகக் கசப்பு. நடிப்பை அடுத்த மடக்குக்குத் தள்ளிவைத்தேன். பிறகு அதற்கும் அடுத்த மடக்குக்கு. கிளாஸ் காலியான பிறகுதான் திட்டமே ஞாபகம் வந்தது. "அய்யோ, அம்மா!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தேன்.

"ஆரம்பிச்சாச்சு," என்றாள் சத்தம் கேட்டு வந்த காளியம்மை. "லீவு வாங்க ஆபீஸ்ல போட்ட அதே நாடகம். எந்திரிங்க, இப்பத்தான் துடைச்சேன்."

"அப்பா, கேவலமா இருக்கு," என்றாள் மகள்.

மானம் போகிறதே என்று எழுந்திருக்கத்தான் பார்த்தேன். அப்போது கழுத்தில் அரித்தது. பிறகு காதில், முதுகில். உதடு பணியாரம் போல உப்பிக்கொண்டு வந்தது. "நிஜமாத்தான்டி" என்று கத்தினேன், குழறலாகத்தான் வந்தது. காளியம்மை வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது.

ஜிதின் மட்டும் குனிந்து என் சட்டைக் காலரை விலக்கிப் பார்த்தான். "அய்யோ, என்டெ ஈஸ்வரா! மேலெல்லாம் தடிச்சிருக்கு!" என்றவன் என்னை அப்படியே தூக்கிக்கொண்டு வெளியே ஓடினான். சந்து முனையில் மிளகாய் மூட்டை இறக்கிய தள்ளுவண்டி ஒன்று நின்றது. "சேட்டா, வண்டி!" என்று கத்தி, என்னை அதில் போட்டுத் தள்ளினான்.

கடைத்தெருவே வேடிக்கை பார்த்தது. அரிப்பு ஒரு பக்கம், மிளகாய்த் தூள் ஒரு பக்கம். தும்மித் தும்மி உயிர் போயிற்று. அவன் அழுதுகொண்டே தள்ளினான். "மாமா, உறங்காதீங்க. இதோ எத்திட்டோம், ஆஸ்பத்திரி வந்தாச்சு." பெண்டாட்டியும் மகளும் நம்பாத என்னை இந்தப் பயல் நம்பினான். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். மகளோடு மூச்சு வாங்க ஓடிவந்த காளியம்மை, "இறால் தின்னாத்தானே இவருக்கு இப்படி ஆகும்!" என்று அழுதாள். அதைக் கேட்டதும் டாக்டரம்மா ஜிதினைப் பிடித்துக்கொண்டார்.

"செம்மீன் ஆகாதவங்களுக்கு இந்தப் பூச்சியும் ஆகாமப் போகலாம். கேட்டுட்டுக் கொடுக்கணும்னு புத்தி வேண்டாமா?"

ஓ, அதற்காகத்தான் கேட்டானா! 'கேட்டேன், இவர்தான் தினமும் தின்பதாகச் சொன்னார்' என்று போட்டுக்கொடுக்கப் போகிறான் என்று காத்திருந்தேன். அவன் என்னை ஒருமுறை பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

"என் தப்புதான் மேடம்."

"மனுஷனைக் கொல்லப் பார்த்தியே! கொஞ்சமாவது பொறுப்பு இருக்கா?"

மஞ்சுஷாவின் முகத்தில் ரத்தமே இல்லை. எல்லாம் முடிந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தால் போதும், இந்தச் சம்பந்தம் இங்கேயே ஒழிந்தது. நான் ஆசைப்பட்டதும் அதுதானே? ஆனால் டாக்டரம்மா நிறுத்தவே இல்லை. அவன் நின்று வாங்கிக்கொண்டே இருந்தான். எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"போதும், நிறுத்துங்க! அவன் கேட்டான். நான்தான் பொய் சொன்னேன். என் மருமகனை நாலு பேர் முன்னாடி வெச்சு..."

காளியம்மை அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இப்ப என்ன சொன்னீங்க?"

ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் மஞ்சுஷா என் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டாள். அவனானால் எதையும் காதில் வாங்காமல், என்னை எப்போது வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.